வேலூர் வெயிலில் ஒரு ஹீட்டர்

கத்திரி தொடங்கி நான்காவது நாள். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டை ஒட்டிய எங்கள் பட்டறையின் தகரக் கூரை, பகல் பன்னிரண்டு மணிக்கே டொக் டொக் என்று விரிந்துகொண்டிருந்தது. ஆம்பூரிலிருந்து வந்த ஆறு சக்கர லாரி ஒன்றைப் புளியமர நிழல் பார்த்து நிறுத்திய டிரைவர், கீழே இறங்கியதும் செருப்பைக் கழற்றி வலது காலைத் தூக்கிக் காட்டினார். பாதத்தின் மேற்புறம் தோசைக்கல்லில் பட்டதுபோல் சிவந்திருந்தது.

"காற்று வருகிற ஓட்டையில் நெருப்பு வருகிறது அண்ணா. மூடினால் புழுங்கிச் சாகிறேன், திறந்தால் வெந்து சாகிறேன்."

வேலூர்க்காரனிடம் வெயிலைப் பற்றிப் புகார் சொல்வதே ஒரு துணிச்சல்தான். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றிச் சொலவடையே உண்டு. அந்த மரமில்லாத மலைதான் வில்லன். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த பாறை, இரவு பத்து மணி வரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் செல்சியஸில் எழுதும் நாளிதழ்கள், கோடை வெயிலை மட்டும் இன்னும் பாரன்ஹீட்டில் எழுதி 'சதமடித்தது' என்று கொண்டாடுகின்றன. ஆகவே முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. முன்பக்க இன்ஜின் வண்டி, கேபினுக்குள்ளேயே இன்ஜின் மூடி, சூடு இல்லாமல் இருக்குமா என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினேன்.

கையை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. இன்ஜின் மூடியிலிருந்து வரும் சூடு முழங்கால் பக்கம் தேங்கும். அதில் டீசல் வாசனை இருக்கும். இது வேறு. டேஷ்போர்டுக்குக் கீழே, கால் மிதிக்கும் இடத்தில் உள்ள வாயிலிருந்து சீராக, விசையோடு, குளித்துவிட்டுத் தலை உலர்த்தும் கருவியிலிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. வண்டி முதலில் சண்டிகர் பக்கம் ஓடியது, முதலாளி அங்கிருந்து பழைய வண்டியாக வாங்கி வந்தார் என்று டிரைவர் சொன்னபோதுதான் மண்டையில் உறைத்தது. இதில் ஹீட்டர் இருக்கிறது. அது அணையவில்லை. வெளியே 108 டிகிரி வெயில், உள்ளே பஞ்சாபின் ஜனவரி மாதத்துக்குச் செய்த ஹீட்டர் விடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அன்று நான் செய்த வேலை பத்து நிமிட வேலை. இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் ஹோஸ் ஒன்று, திரும்பி வரும் ஹோஸ் ஒன்று. இரண்டையும் ஹீட்டர் பக்கம் கழற்றி, ஒரு துண்டுக் குழாயை நடுவில் வைத்து ஒன்றோடொன்று சேர்த்து கிளிப் போட்டு முறுக்கிவிட்டேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஹீட்டர் உள்ள வண்டி வந்தால் வைத்தியம் இதுதான். இரண்டு முனைகளையும் அடைத்துவிடாமல் சேர்த்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சில இன்ஜின்களில் அந்தச் சிறு ஓட்டம் நின்றுபோனால், தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டுக்கு உண்மையான சூடு தெரியாமல் போய்விடும். டிரைவர் காலை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நூறு ரூபாயும் ஒரு மோரும்.

இந்தக் கட்டுரை அந்த நூறு ரூபாயைப் பற்றியது.

சாயங்காலம் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் கம்மவான்பேட்டைக்காரர். ராணுவப்பேட்டை என்றே அந்த ஊருக்கு இன்னொரு பெயர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார். மாமா ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவில் வண்டி மெக்கானிக். லே, கார்கில் பக்கமெல்லாம் சக்திமான் லாரிகளின் அடியில் படுத்துக் கிடந்தவர். நான் நடந்ததைச் சொன்னதும் பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வால்வு பழுதா, கேபிள் பழுதா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன்.

"வயிற்று வலி என்று வந்தவனுக்குக் குடலையே முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறாய்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் திண்ணையில் சாக்பீஸால் படம் போட்டுப் பாடம் நடந்தது. எனக்கு அப்போது லாரி வேலையில் பன்னிரண்டு வருட அனுபவம். ஹீட்டரை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. வேலூரில் அதற்கு என்ன தேவை?

பழைய லாரியின் ஹீட்டரில் அடுப்பு எதுவும் கிடையாது. டீசலை எரித்துக் கிடைப்பதில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை. ஒரு பங்கு புகையோடு போகிறது, இன்னொரு பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஏறுகிறது. அந்தத் தண்ணீர் எண்பது டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ஹீட்டர் அந்தச் சுடுதண்ணீரில் கொஞ்சத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். டேஷ்போர்டுக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் செங்கல் அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் வழியாகக் காற்றைத் தள்ள ஒரு விசிறி. டிரைவரின் கைக்கு எட்டும் லிவர்கள் இந்தப் பெட்டியில் உள்ள கதவுகளையும் குழாயில் உள்ள வால்வையும் இழுக்கும் கயிறுகள் மட்டுமே. சைக்கிள் பிரேக்கில் இருப்பது போன்ற, உறைக்குள் ஓடும் கம்பி. எந்த லிவருக்கும் சூடாக்கவோ குளிரவைக்கவோ தெரியாது.

அந்த லாரியில் மூன்று லிவர்கள், மேலும் கீழுமாக நகர்பவை. ஒன்று, காற்று எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கு: வெளியிலிருந்தா, கேபினுக்குள் இருப்பதே திரும்பவுமா? இரண்டாவது, எங்கே போகவேண்டும் என்பதற்கு: முகத்துக்கா, காலுக்கா, முன்கண்ணாடிக்கா? மூன்றாவதுதான் நீலத்திலிருந்து சிவப்பு வரை கோடு போட்ட லிவர். நீலம் மேலே, சிவப்பு கீழே. இதில் இரண்டு ஜாதி உண்டு என்றார் மாமா. சில வண்டிகளில் இந்த லிவர் தண்ணீர் வால்வைத் திறந்து மூடும்; மூடினால் குட்டி ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீரே போகாது. வேறு சில வண்டிகளில் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். லிவர் ஒரு கலக்கும் கதவை நகர்த்தும். காற்றில் எவ்வளவு அந்தக் குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகவேண்டும், எவ்வளவு அதை ஒதுக்கிவிட்டுப் போகவேண்டும் என்று அந்தக் கதவு பிரிக்கும். இரண்டாவது வகையில் கதவின் விளிம்பில் ஒட்டிய நுரைப்பஞ்சு பத்து, பதினைந்து வருடத்தில் உதிர்ந்து, கறுப்புத் தூளாக டிரைவரின் மடியில் விழும். அப்புறம் கதவு மூடினாலும் மூடாது; கோடையிலும் சூடு கசியும்.

நம் ஆம்பூர் லாரி முதல் வகை. வால்வு மூடவில்லை, அவ்வளவுதான். வருடம் முழுக்க ஒரே நிலையில் இருந்த வால்வு உப்புப் படிந்து இறுகியிருக்க வேண்டும். அல்லது கேபிளின் உறையைப் பிடிக்கும் கிளிப் கழன்றிருக்க வேண்டும். கிளிப் கழன்றால் லிவரை நகர்த்தும்போது உறையே வளைந்துகொடுக்கும், உள்ளே கம்பி நகராது. லிவர் சுலபமாக ஓடுகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் கிளிப்பைத்தான். எட்டணா சாமான். நான் பார்க்கவில்லை.

அமெரிக்கப் பழைய பிக்அப் வண்டிகளில் பலவற்றில் கம்பிக்குப் பதில் இன்ஜினின் வெற்றிட இழுவிசையால் கதவுகளை நகர்த்தும் ஏற்பாடு உண்டு. ரப்பர் குழாய் எங்காவது விரிசல் விட்டால் கதவுகள் தாமாகவே முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்ளும். காலுக்குச் சூடு இல்லாவிட்டால் டிரைவர் திட்டுவார். கண்ணாடி தெரியாவிட்டால் திட்ட ஆள் இருக்கமாட்டார். வடிவமைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. டீசல் இன்ஜினில் அந்த இழுவிசை தானாகக் கிடைக்காது, தனி பம்ப் வேண்டும். நம் வண்டிகளுக்குக் கம்பியே போதும் என்று விட்டதும் நல்லதுதான். கம்பியை நான் கண்ணால் பார்க்கமுடியும்.

விசிறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பழைய வண்டிகளில் பத்துக்கு ஏழு புகார் இங்கேதான் வரும். 'ஒன்று, இரண்டில் ஓடாது, மூன்றில் மட்டும் ஓடும்' என்பார்கள். மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது மோட்டார் வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழு வேகத்தில் ஓடும் மோட்டார் எப்படிப் பழுதாகும்?

சூட்சுமம் ரெசிஸ்டரில் இருக்கிறது. விசிறி மோட்டார் நேர்மின்சார மோட்டார். கொடுக்கும் வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும். பழைய லாரியில் இதற்கு மின்னணு வித்தை எதுவும் கிடையாது. மின்தடைக் கம்பிச் சுருள் இரண்டு மூன்றைத் தொடராக வைத்திருப்பார்கள். ஸ்விட்சை ஒன்றில் வைத்தால் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்து மோட்டாருக்குப் போகும். இரண்டில் ஒரு சுருள் குறையும். கடைசி நிலையில் சுருளே கிடையாது, நேரடி இணைப்பு. அதனால்தான் சுருள் அறுந்தாலும் கடைசி வேகம் மட்டும் உயிரோடு இருக்கும்.

சுருளுக்குள் என்ன நடக்கிறது? கணக்குக்காக, 24 வோல்ட் வண்டியில் மோட்டார் முழு வேகத்தில் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 வாட். குறைந்த வேகத்தில் மோட்டாருக்கு 12 வோல்ட்தான் கிடைத்து 2 ஆம்பியர் ஓடுகிறது என்றால், மீதி 12 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது. 24 வாட், முழுவதும் சூடாக. என் பட்டறையில் ஈயம் வைக்கும் சால்டரிங் அயன் 25 வாட். அதாவது, விசிறி மெதுவாகச் சுற்றும்போதெல்லாம் டேஷ்போர்டுக்குள் ஒரு சால்டரிங் அயன் எரிந்துகொண்டிருக்கிறது. அது உருகாமல் இருக்க என்ன வழி? விசிறி தள்ளும் காற்று தன்மேல் படும் இடத்திலேயே ரெசிஸ்டரைப் பொருத்திவிட்டார்கள். விசிறி ஓடும்வரை ரெசிஸ்டருக்கு ஆபத்தில்லை. விசிறி சிக்கி நின்றால் மின்சாரம் கூடும், காற்று நிற்கும், சுருள் பழுக்கும். பக்கத்தில் இருக்கும் வெப்ப ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றும். அந்த ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பியை வைத்து முறுக்கியிருந்த ஒரு வண்டியை நான் பிறகு ஒருமுறை பார்த்தேன். பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கம் அப்பளம்போல் நெளிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்பது ஓட்டியவரின் பூர்வ ஜென்மப் புண்ணியம்.

விசிறி ஏன் சிக்குகிறது? எங்கள் பக்கத்தில் விடை ஒரே சொல்: புளி. முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிப்புறம், துளைபோட்ட ஒரு தகடு இருக்கும். வெளிக்காற்று உள்ளே வரும் வாய் அது. நிழலுக்காக லாரியை எந்த மரத்தடியில் நிறுத்துவோம்? புளியமரம். புளிய இலை அந்தத் துளையில் அச்சாகப் போய் விழும் அளவு. உள்ளே விழுந்தது விசிறியின் உருளைக் கூண்டில் சேரும். அணில் சுற்றும் கூண்டைப்போல் நெருக்கமான சிறு பட்டைகள் வைத்த உருளை அது. ஒரு பக்கம் எடை கூடினால் ஆட்டம் வரும், கரகரவென்று சத்தம் வரும், பிறகு நிற்கும். மழைநீர் வடிய வைத்த ஓட்டையையும் இதே இலைதான் அடைக்கும். ஐப்பசி மழையில் கிளீனரின் காலடியில் திடீரென்று ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டினால், கூரை ஒழுகுகிறது என்று தார் பூசுவார்கள். தகட்டைக் கழற்றி ஒரு பிடி சருகை அள்ளினால் போதும்.

காற்று வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் கூடும். அதனால்தான் உள்வாயை அங்கே வைத்தார்கள். ஆனால் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அந்த வாயை மட்டும் திறந்தால், ஊதிய பலூனுக்குள் மேலும் ஊதுவது மாதிரி. எதிர்ப்பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிப் பாருங்கள். காலடியில் காற்று சட்டென்று உயிர்பெறும். பழைய கதவுகளில் முன்ஓரமாக ஒரு முக்கோணக் கண்ணாடி இருந்ததே, அதன் வேலையே இதுதான். கொஞ்சமாகத் திறந்தால் அதன் பின்விளிம்பில் காற்று விரைந்தோடி உள்ளே இருக்கும் புழுக்கத்தையும் பீடிப் புகையையும் உறிஞ்சி வெளியே எடுக்கும். முழுக்கத் திருப்பிவிட்டால் வெளிக்காற்றை அள்ளி நெஞ்சில் அடிக்கும். ஒரே கண்ணாடி, இரண்டு எதிரெதிர் வேலைகள். அதை எடுத்துவிட்டுப் பெரிய ஒற்றைக் கண்ணாடி போட்டவர்கள் அழகு பார்த்தார்கள், கோடையில் வேலூர் வந்து பார்க்கவில்லை.

கம்பெனி வெறும் சேசிஸைக் கொடுத்து, நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் மரக் கேபின் கட்டிய காலத்து வண்டிகளில் ஹீட்டரும் இல்லை, மூன்று லிவரும் இல்லை. முன்கண்ணாடியையே கீழிருந்து வெளியே தள்ளித் திறக்கும் வண்டிகளில் நான் சிறுவயதில் போயிருக்கிறேன். காலடியில் ஆசாரி வைத்த பலகைக் கதவு, சாதாரணத் தாழ்ப்பாள். இன்ஜின் மூடிமேல் சாக்கை நனைத்துப் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்து வாணியம்பாடிவரை போனால் நாள் முழுக்கக் காது இரையும், ஆனால் புழுங்கியதாக நினைவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் ஆம்பூர் லாரிக்கு ஆக்ராவுக்குத் தோல் லோடு கிடைத்தது. பதப்படுத்திய தோல், செருப்புத் தொழிலுக்கு. ஐதராபாத், நாக்பூர், ஜான்சி வழி. வண்டி நாக்பூர் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. குவாலியரை நெருங்கிய இரவில் பனிமூட்டம் இறங்கியிருக்கிறது. வெளியே மூட்டம் இருந்தால் மெதுவாக ஓட்டலாம்; கண்ணாடியின் உட்புறமும் மூடிக்கொண்டால் என்ன செய்வது? கேபினில் இரண்டு பேரின் மூச்சு, நனைந்த கம்பளி, ஃபிளாஸ்க் டீ. 30 டிகிரி செல்சியஸ் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரிக் காற்றால் 5 கிராம்கூடத் தாங்கமுடியாது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் மீதி அங்கேயே தண்ணீராகிவிடும். கிளீனர் துண்டால் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். துடைத்த பத்து விநாடியில் மறுபடியும் வெள்ளை. பீடித் தூளைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். மழைக்கு வெளிப்பக்கம் தேய்க்கும் வைத்தியம் அது, உள்பனிக்கு எப்படிக் கேட்கும்? இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கை விறைக்க ஓட்டியிருக்கிறார்கள்.

மூன்று லிவரையும் டிரைவர் அப்படியும் இப்படியும் இழுத்துப் பார்த்தாராம். விசிறி ஓடியது. குளிர்காற்றுதான் வந்தது. சுடுதண்ணீர்தான் நான் போட்ட துண்டுக் குழாயில் திரும்பி இன்ஜினுக்கே போய்க்கொண்டிருந்ததே.

ஒரு தாபாவில் நிறுத்தி, அங்கிருந்து இரும்புச் சட்டி ஒன்றில் கரித் தணலை வாங்கிக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு, கதவையும் கண்ணாடியையும் இறுக மூடிப் படுத்துவிட்டார்கள். வடக்கே குளிர்காலத்தில் இப்படிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி வருடம் தவறாமல் வருகிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். நள்ளிரவில் கிளீனருக்கு வாந்தி வந்திருக்கிறது. வாந்தியெடுக்கத்தான் அவர் கதவைத் திறந்தார்.

பொங்கல் முடிந்து வண்டி வந்தபோது டிரைவர் இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. 'பையனுக்கு ராத்திரி தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் நான் பிழைத்தேன்' என்று சிரித்தபடி சொன்னார். கிளீனருக்குப் பத்தொன்பது வயதிருக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஸ்பேனர்ப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாமாவை வரச்சொல்லி டேஷ்போர்டைக் கழற்றினோம். துண்டுக் குழாயை எடுத்து ஹோஸ்களைப் பழையபடி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றினோம். மாமா என் இரண்டு கைகளையும் பிடித்து ஹோஸ்களின்மேல் வைத்தார். போகும் ஹோஸ் கை வைக்க முடியாமல் சுட்டது. திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்புகூட இல்லை. "இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, கோளாறு காற்றுக் கதவில். இரண்டும் ஆறியிருந்தால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது. ஒன்று சுட்டு ஒன்று ஆறியிருந்தால் நடுவில் அடைப்பு." இந்த மூன்று வாக்கியத்துக்காகவே அவருக்கு லேயில் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

அடைப்பு என்ன என்று குட்டி ரேடியேட்டரை வெளியே எடுத்துக் கவிழ்த்ததும் தெரிந்தது. வெள்ளையும் துருவுமாகக் கஞ்சிபோல் ஒழுகியது. இத்தனைக்கும் மே மாதம் கால் வெந்த வண்டி இது. அதற்கு முன்பே பாதி அடைத்திருக்கவேண்டும், மீதியை எட்டு மாதம் உள்ளே நின்ற தண்ணீர் காய்ந்து முடித்திருக்கிறது. வண்டியின் ரேடியேட்டர் குறையும்போதெல்லாம் போர்த் தண்ணீரை ஊற்றுவது நம் பழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை நிலத்தடி நீரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதற்காக வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996ஆம் ஆண்டில் பெற்ற தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். அந்தத் தண்ணீரின் உப்பு பெரிய ரேடியேட்டரிலும் படியும். ஆனால் ஹீட்டரின் குழாய்கள் அதைவிட மெல்லியவை, ஓட்டமும் குறைவு. முதலில் அடைபடுவது அதுதான். பழைய பித்தளை, செம்பு வேலைப்பாடு என்பதால் ரேடியேட்டர் கடையில் கொடுத்து அலசி, ஈயம் வைத்து, சோதித்து வாங்கமுடிந்தது. வால்வு இறுகித்தான் இருந்தது, மாற்றினோம். கேபிள் கிளிப்பும் கழன்றுதான் இருந்தது. உருளைக் கூண்டுக்குள் எதிர்பார்த்தபடி இலை, ஒரு பல்லியின் எலும்புக்கூடு, வடக்கிலிருந்தே வந்திருக்கவேண்டிய ஒரு இந்திப் பீடிக்கட்டின் லேபிள், ஒரு இருபத்தைந்து காசு. காசை கிளீனரிடம் கொடுத்தேன். செல்லாது அண்ணா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனிமேல் சுத்திகரித்த தண்ணீரில் கூலன்ட் கலந்துதான் ஊற்றவேண்டும், மாதம் ஒருமுறை தேவை இருக்கிறதோ இல்லையோ மூன்று லிவரையும் மேலும் கீழும் ஓட்டிவிடவேண்டும் என்று டிரைவரிடம் சொன்னேன். மழையில் உள்கண்ணாடி மூடினால் வெளிக்காற்று லிவரைத் திறந்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, கொஞ்சம் சூடு சேர்க்கவேண்டும்; உள்காற்றையே சுற்றவிட்டால் மூச்சின் ஈரம் கூடிக்கொண்டேதான் போகும் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முன்பு நான் ஹோஸைச் சேர்த்தபோதும் இப்படித்தான் தலையாட்டினார்.

ஹீட்டரின் இன்னொரு பயன் எனக்கு அடுத்த பங்குனியில்தான் தெரிந்தது. பேரணாம்பட்டைத் தாண்டி வி.கோட்டாவுக்குத் தக்காளி ஏற்றப் போகும் அதே வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். பத்தலப்பல்லி மலைப்பாதையின் பாதியில் வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியது. நிறுத்த இடமில்லை, பின்னால் பஸ். டிரைவர் என்னைப் பார்த்தார். மாமா சொல்லியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது: குட்டியாக இருந்தாலும் அதுவும் ஒரு ரேடியேட்டர்தான். சிவப்பு லிவரைக் கீழே இழுத்து, விசிறியைக் கடைசி வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கச் சொன்னேன். வாயிலிருந்து அனல் கிளம்பியது. மூவரும் வேர்வையில் நனைந்து, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, ஆறு வளைவுகள் ஏறினோம். முள் மேலே போகவில்லை. கொஞ்சம் இறங்கவும் செய்தது. வி.கோட்டாவில் இறங்கியதும் இன்ஜின் விசிறியின் பெல்ட்டைப் பார்த்தேன், தளர்ந்திருந்தது. இறுக்கினேன். பெல்ட் தளர்ந்ததற்கு ஹீட்டர் மருந்தாகாது, ஆனால் மலைப்பாதையின் நடுவில் அது கொடுத்த அரை மணி நேரம் அன்று எங்களுக்குப் போதுமாக இருந்தது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. வரவேண்டியதுதான், முப்பது வருடம் தாமதம் என்பேன். ஆனால் சாலையில் ஓடும் பழைய வண்டிகள் நாளைக்கே மறைந்துவிடப் போவதில்லை. எங்கள் பட்டறைக்கு வருபவை அவைதான்.

வி.கோட்டா போய்வந்த அந்த வருடக் கத்திரியில், ஏறக்குறைய அதே தேதியில், ஆம்பூர் லாரி மறுபடியும் புளியமரத்தடியில் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். எனக்கு வயிறு கலங்கியது.

"மறுபடியும் நெருப்பு அண்ணா."

புது வால்வு, புது கிளிப், அலசிய ரேடியேட்டர். மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டே கேபினுக்குள் ஏறினேன். நீலம் மேலே, சிவப்பு கீழே என்று சொன்னேன் அல்லவா? அந்த லிவரின் குமிழில் டிரைவர் ஒரு மஞ்சப்பையை மாட்டியிருந்தார். பைக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், அரை டஜன் வாழைப்பழம், ஆர்.சி. புத்தகம். வேலூர் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு குலுக்கலாக, லிவர் அடிவரை இறங்கிச் சிவப்பில் உட்கார்ந்திருந்தது.

பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். லிவரை மேலே தள்ளினேன். கிளீனர் பையிலிருந்து ஒரு பழத்தை உரித்தார், நன்றாகவே வெந்திருந்தது.